பதினோராவது வரி

என் வாப்பா தமது எழுபத்திரண்டாம் வயதில் கணினியின் விசைப்பலகையைக் கற்றுக்கொண்டார். அப்போது அவருக்குக் கண்பார்வை முழுமையாகப் போய்விட்டிருந்தது. அவர் ஏன் கற்றார் என்பது ஆறு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நாளில் அவர் முன் தலைகுனிந்து நின்றேன். அந்தச் செய்தியையே இங்கே எழுதுகிறேன். இடையிடையே எழுத்தைத் திருத்த உதவும் விசைகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் செய்த பிழை அந்த விசைகளைக் கொண்டே நடந்தது. அது சரிசெய்யப்பட்டதும் அவற்றைக் கொண்டே.

காயல்பட்டினத்தில் பெண்கள் மணமான பின்னும் பிறந்த வீட்டிலேயே வாழ்வது வழக்கம். அதனால் வாப்பாவின் முதுமை என் கண் முன்னே வந்தது. நான் வீட்டிலிருந்தபடியே நூல்களுக்கும் மலர்களுக்கும் தட்டச்சு செய்துகொடுப்பவள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் என் வலக்கை மணிக்கட்டில் தாங்க முடியாத வலி வந்தது. சோற்றுக் கரண்டியைத் தூக்கவும் இயலவில்லை. மருத்துவர் என் வேலையை விசாரித்துவிட்டு, மவுஸைப் பிடிக்கும் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். விசைப்பலகையை விட்டு மவுஸுக்கும், மவுஸை விட்டு விசைப்பலகைக்கும் ஒரு நாளில் எத்தனை நூறு முறை கை போய் வருகிறது என்று அன்றுதான் எண்ணிப் பார்த்தேன். அந்தப் போக்குவரத்தை நிறுத்துவதற்காகவே விசைகளை ஒவ்வொன்றாகப் பழகினேன்.

பழகிய பின் அதில் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. அம்புக்குறி விசைகள் நடப்பதற்கு உரியவை. ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து, ஒரு தட்டுக்கு ஒரு வரி. கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பக்கவாட்டு அம்புக்குறியைத் தட்டினால், நடை தாவலாகிவிடும். ஒரு தட்டுக்கு ஒரு சொல். ஹோம் விசை வரியின் தொடக்கத்துக்கும் எண்ட் விசை அதன் முடிவுக்கும் கொண்டுபோகும். அவற்றோடு கண்ட்ரோல் சேர்ந்தால் கோப்பின் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் போகலாம். ஷிஃப்ட் சேர்ந்தால், போகும் வழியில் உள்ளதையெல்லாம் கையில் அள்ளிக்கொண்டே போவதாகப் பொருள். ஆக, நடப்பது, தாவுவது, அள்ளுவது என்ற மூன்றையும் விளங்கிக்கொண்டால் போதும். மற்றவை எல்லாம் இவற்றின் சேர்க்கைதான். ஆப்பிள் கணினி வைத்திருப்போர் சொல்லுக்குச் சொல் தாவக் கண்ட்ரோலுக்குப் பதில் ஆப்ஷன் விசையை அழுத்த வேண்டும்.

அள்ளியதை வெட்டவும், படியெடுக்கவும், ஒட்டவும், செய்ததை மீட்கவும் உள்ள நான்கு எழுத்து விசைகளை இன்று பிள்ளைகளும் அறிவார்கள். எக்ஸ், சி, வி, இசட் என்ற அந்த நான்கும் விசைப்பலகையின் இடப்பக்கக் கீழ் வரிசையில் அடுத்தடுத்து இருக்கின்றன. கத்தரிக்கோலால் தாளை வெட்டிப் பசையால் ஒட்டிய காலத்துப் பதிப்பாசிரியர்களின் வேலையைக் கணினிக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் லாரி டெஸ்லர். அமெரிக்காவின் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் 1970களின் நடுப்பகுதியில் டிம் மாட் என்பவரோடு சேர்ந்து, ஜிப்ஸி என்ற எழுத்துத் திருத்தியை அவர் உருவாக்கினார். கணினியைக் கண்டு அஞ்சுகிறவரும் தடுமாறாமல் எழுத வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியது. 2020இல் அவர் மறைந்தார். அவர் பெயரை அறியாமலே உலகம் நாள்தோறும் அவர் வழியில் வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் எழுதுவோர் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்றும் உண்டு. ‘கொ’ என்பது நமக்கு ஓர் எழுத்து. கணினிக்கோ அது ககரமும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். அம்புக்குறி விசை அதை ஒரே எழுத்தாக மதித்து ஒரே தட்டில் கடந்துவிடும். பின்னாலிருந்து பேக்ஸ்பேஸ் விசையைத் தட்டினால் பெரும்பாலும் குறி மட்டும் விலகி, ‘க’ தனியே நிற்கும். முன்னாலிருந்து டெலிட் விசையைத் தட்டினாலோ எழுத்து முழுவதும் போய்விடும். ஒரே எழுத்துத்தான், எந்தப் பக்கமிருந்து அழிக்கிறோம் என்பதைப் பொறுத்து எஞ்சுவது மாறுகிறது. இத்தனை ஆண்டுத் தொழிலில் இவை யாவும் என் விரல்களுக்குள் போய்விட்டன. நினைக்காமலே செய்வேன். நினைக்காமல் செய்வதில் உள்ள ஆபத்தை நான் அப்போது அறியவில்லை.

வாப்பாவுக்கு வந்தது கண்ணில் நீரழுத்தம் கூடும் நோய். அது பக்கவாட்டிலிருந்து மெல்ல மெல்லப் பார்வையைத் தின்றுகொண்டு வந்தது. போன பார்வை திரும்பாது என்று மருத்துவர்கள் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சன்னலின் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. நடுவில் அதுவும் போயிற்று. வாப்பா புலம்பவில்லை. “அல்ஹம்துலில்லாஹ், எழுபது வருஷம் பார்த்தாயிற்று” என்றார். ஆனால் அவருடைய அலமாரியில் இருந்த கணக்கு நோட்டுகளைக் கையால் தடவிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நான் பல முறை பார்த்தேன். சென்னை மண்ணடியில் முப்பது ஆண்டு கடை நடத்தியவர். வரவும் செலவும் கொடுக்கலும் வாங்கலும் தம் கைப்பட எழுதிப் பழகியவர்.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஒருநாள் லுஹர் தொழுதுவிட்டு என்னை அழைத்தார். “மகளே, நான் யாருக்குக் கொடுக்க வேண்டும், எனக்கு யார் தர வேண்டும், யாருடைய அமானிதம் என்னிடம் இருக்கிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்க வேண்டும். நான் சொல்கிறேன், நீ எழுது” என்றார்.

சூரா அல்பகராவின் 282ஆம் வசனத்தை வாப்பா அடிக்கடி நினைவூட்டுவார். குர்ஆனிலேயே மிக நீண்ட அந்த வசனம் பேசுவது கடனை எழுதிவைப்பதைப் பற்றித்தான். எழுதுகிறவர் நீதியோடு எழுத வேண்டும் என்றும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்றும், சொல்லும்போது எதையும் குறைத்துவிடக் கூடாது என்றும், சிறிய தொகையாயினும் பெரிய தொகையாயினும் எழுதச் சோர்வடையக் கூடாது என்றும் அது கட்டளையிடுகிறது. “தொழுகையை, நோன்பை எல்லாம் சொன்ன ரப்பு, கணக்கு எழுதுவதற்குத்தான் இத்தனை நீளமாகச் சொல்லியிருக்கிறான்” என்று வாப்பா வியப்பார். சிறு வயதிலிருந்தே கேட்ட வார்த்தை. கேட்டுப் பழகியதாலோ என்னவோ, எழுதுகிறவர் என்று அங்கே சொல்லப்பட்ட இடத்தில் நான் அமர்ந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

கணினியில் நோட்பேட் கோப்பு ஒன்றைத் திறந்தேன். ஒரு கொடுக்கலுக்கு ஒரு வரி என்று வைத்துக்கொண்டோம். வாப்பா எண்ணைச் சொல்லி, பிறகு விவரத்தைச் சொல்வார். நான் தட்டச்சு செய்வேன். நான்கு நாட்கள் இப்படி நடந்தது. பெரும்பாலும் சிறு தொகைகள். இறந்துபோன ஒரு நண்பருக்குத் தர வேண்டிய முந்நூறு ரூபாய். ஒரு பள்ளிவாசலுக்கு நேர்ந்துகொண்டு அனுப்ப மறந்த தொகை. பக்கத்துக் கடைக்காரர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவைத்து, பிறகு வாங்கவே வராத ஒரு கைக்கடிகாரம்.

மூன்றாம் நாள், “ஏழாவது” என்று தொடங்கிய வாப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். 1989இல் மண்ணடிக் கடைக்கு முன்பணம் கட்டத் தம் மூத்த சகோதரரிடம், அதாவது என் பெரியவாப்பாவிடம், பன்னிரண்டாயிரம் ரூபாய் வாங்கினாராம். சில ஆண்டு கழித்துப் பெரியவாப்பா அதைக் கேட்டபோது, தந்தையார் சொத்துப் பிரிவினையில் அது கழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். பெரியவாப்பா மறுபேச்சுப் பேசவில்லை. “அது கழியவில்லை. எனக்குத் தெரிந்தே சொன்னேன்” என்றார் வாப்பா.

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். முடிந்ததும் திரையைப் பார்த்தேன். பெரியவாப்பா 2004இல் மௌத்தானதிலிருந்து அவர் வீட்டாருக்கும் எங்களுக்கும் கொல்லைச் சுவரைப் பற்றி வழக்கு. மையித்து வீட்டிலும் கலியாண வீட்டிலும் ஸலாம் சொல்லிக்கொள்வதோடு சரி. இந்த வரி அவர்கள் கைக்குப் போனால், ‘அன்றே பொய் சொன்னவர், சுவர் விஷயத்தில் மட்டும் உண்மையா சொல்வார்’ என்று கேட்க மாட்டார்களா? வாப்பாவின் பெயர் ஊருக்குள் என்னவாகும்? முதுமையில் மனம் தளர்ந்து ஏதோ சொல்கிறார், நாமாவது குடும்பத்தின் அமைதியைக் காக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு பதிவு முழுவதும் ஒரே வரி. நான் நின்றதோ அதன் முடிவில். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஹோம் விசையைத் தட்டினேன். வரி முழுவதும் நீலமாயிற்று. டெலிட் விசையைத் தட்டினேன். பன்னிரண்டாயிரம் ரூபாயும், இரண்டு சகோதரர்களும், முப்பத்து மூன்று ஆண்டுகளாக ஒருவர் நெஞ்சை அறுத்த பொய்யும் அந்த இரண்டு தட்டுகளில் மறைந்துபோயின. கையால் எழுதிய தாளாக இருந்திருந்தால் அடித்த கோடாவது மிஞ்சியிருக்கும். இங்கே வெண்மைதான் மிஞ்சியது. கண்ட்ரோலோடு இசட் விசையைத் தட்டியிருந்தால் எல்லாம் அப்படியே திரும்பி வந்திருக்கும். நான் தட்டியது கண்ட்ரோலும் எஸ்ஸும். சேமித்துக் கோப்பை மூடினேன். மூடிய பிறகு மீட்கும் விசைக்கு வேலையில்லை.

மறுநாள் வாப்பா “எட்டாவது” என்றார். நான் 7 என்று அடித்தேன்.

அதே மாதக் கடைசியில் என் மகன் கல்லூரி விடுமுறைக்கு வந்தான். எங்கள் வீட்டில் பாட்டனாரை ‘அப்பா’ என்று அழைப்பது வழக்கம். “அப்பா, நீங்கள் சும்மா இருக்க வேண்டாம். கண் தெரியாதவர்களும் கணினியில் எழுதலாம்” என்று அவன் சொன்னதும், வாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். “எழுதலாமா, எழுதியதைப் படிக்கவும் செய்யலாமா?” என்று கேட்டார். படிக்கவும் செய்யலாம் என்றான். “அப்படியானால் இன்றே தொடங்கு” என்றார்.

அவன் நிறுவியது என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் அதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற நண்பரும் அவரோடு சேர்ந்துகொண்டார். விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அதை இலவசமாக வழங்குகிறார்கள். திரையில் உள்ளதை அது குரலில் சொல்லும், தமிழும் படிக்கும். எந்திரக் குரல்தான். முதல் இரண்டு நாள் காதுக்குக் கரகரவென்று இருந்தது, பிறகு பழகிவிட்டது.

வாப்பாவுக்கு ஒரு வசதி இருந்தது. 1960களின் கடைசியில் ஆங்கிலத் தட்டச்சு லோயர் தேர்வு எழுதியவர். விரல் வைக்கும் முறை அவருக்கு மறக்கவில்லை. எஃப், ஜே விசைகளின் மேல் உள்ள சிறு மேட்டைத் தடவிக் கண்டுபிடித்ததும், “இது இன்னும் இருக்கிறதா!” என்று பிள்ளையைப்போல் மகிழ்ந்தார். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடித்தால் தமிழாக மாறும் முறையை மகன் வைத்துக்கொடுத்தான். இன்செர்ட் விசை எளிதில் தட்டுப்படுவதற்காக அதன் மேல் ஒரு சொட்டுப் பசையை வைத்து உலர விட்டான்.

முதல் வாரம் முழுவதும் வாப்பா எதையும் எழுதவில்லை. இன்செர்ட் விசையோடு 1ஐத் தட்டினால் பயிற்சி நிலை தொடங்கும். அந்த நிலையில் எந்த விசையைத் தொட்டாலும் அது தன் பெயரை மட்டும் சொல்லும், வேறொன்றும் நடக்காது, எதுவும் கெட்டுப்போகாது. தவறு செய்யும் அச்சமின்றி விசைப்பலகை முழுவதையும் அவர் கையால் உலவிப் பார்த்தார். இரண்டாம் வாரம் நடக்கக் கற்றார். கண்ட்ரோலும் ஹோமும் தட்டிக் கோப்பின் தலைக்குப் போவது. கீழ் அம்புக்குறியைத் தட்டி வரி வரியாகக் கேட்பது. விளங்காத இடத்தில் கண்ட்ரோலோடு பக்கவாட்டு அம்புக்குறியைத் தட்டிச் சொல் சொல்லாக நிறுத்திக் கேட்பது. அதிலும் ஐயம் வந்தால் அம்புக்குறியை மட்டும் தட்டி எழுத்து எழுத்தாகக் கேட்பது. இன்செர்ட்டோடு கீழ் அம்புக்குறியைத் தட்டி முழுவதையும் தொடர்ந்து வாசிக்கச் சொல்வது. நடுவில் நிறுத்தக் கண்ட்ரோலை மட்டும் தொடுவது.

கண்ணுள்ள நாம் எழுத்தை ஒரே பார்வையில் மேய்ந்துவிடுகிறோம். அவரோ ஒவ்வொரு சொல்லின் மேலும் நின்று போனார். எனக்குப் புதிதாக இருந்தது வேறொன்று. ஷிஃப்டை அழுத்தி எதையாவது அள்ளினால், எதை அள்ளினோம் என்பதை அந்தக் குரல் சொல்லிவிடும். பேக்ஸ்பேஸால் ஓர் எழுத்தை நீக்கினால், நீங்கிய எழுத்தை உரக்கச் சொல்லும். என் கணினியில் ஓசையின்றி நடக்கும் அழித்தல், வாப்பாவின் கணினியில் ஒவ்வொரு முறையும் தன்னைத் தானே அறிவித்துக்கொண்டு நடந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

ரமலானுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அச்செடுத்துக் கோப்பில் வைப்பதற்காக அந்தக் கணக்கைத் திறந்தேன். பத்து வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று இருந்தன. பதினோராவது வரியில் இப்படி எழுதியிருந்தது: 1989இல் மண்ணடிக் கடைக்குக் காக்காவிடம் ரூபாய் 12,000 வாங்கினேன். காக்கா கேட்டபோது கழிந்துவிட்டது என்று சொன்னேன். அது உண்மை அல்ல. காக்காவின் வாரிசுகளுக்கு இதைக் கெடுக்க வேண்டும்.

அதன் கீழே 05:52 14-03-2023 என்றிருந்தது. நோட்பேடில் எஃப் 5 விசையைத் தட்டினால் அந்த நேரமும் தேதியும் தாமே விழும். ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து தனியே அமர்ந்து எழுதி, நேரத்தைச் சாட்சியாக வைத்திருக்கிறார்.

முன்கூடத்துக்குப் போனேன். வாப்பா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அருகில் தரையில் அமர்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அவரே தொடங்கினார்.

“பார்த்துவிட்டாயா?”

“பார்த்தேன் வாப்பா. நான் அன்றைக்கு அதை…”

“எழுதினாய், பிறகு அழித்தாய். அன்றே எனக்குத் தெரியும்.”

“எப்படி வாப்பா?”

“நான் சொன்னவரையில் உன் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு இரண்டே தட்டு. அத்தனை பேச்சை எழுதி முடித்த பிறகு இரண்டு தட்டில் என்ன வேலை இருக்க முடியும்? தட்டச்சு படித்த காது மகளே இது. கண்தானே போயிற்று.”

“ஏன் என்னைக் கேட்கவில்லை? கேட்டிருந்தால் மறுபடி எழுதியிருப்பேனே.”

“எழுதியிருப்பாய். ஆனால் அதற்கடுத்து நான் சொல்வதில் எதை எழுதினாய், எதை விட்டாய் என்று ஒவ்வொரு நாளும் எனக்குச் சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். பெற்ற மகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு வாழ்வதைவிட விசைகளைப் படிப்பது எளிது என்று தோன்றியது.”

அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என் தலையில் கைவைத்தபடி சொன்னார். என்னை மன்னிக்கும்படி கேட்டேன். “உன் எண்ணம் எனக்குத் தெரியும். என் பெயரைக் காப்பாற்ற நினைத்தாய். நான் காப்பாற்ற நினைப்பது என் மறுமையை. இரண்டுக்கும் நடுவில் நீ யார்?” என்று மட்டும் கேட்டார்.

அழுது முடித்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. “வாப்பா, பதினோராவது வரியில் ஓர் எழுத்து பிழையாக இருக்கிறது. நான் திருத்தலாமா?” என்றேன். “முதலில் எனக்குப் படித்துக்காட்டு” என்றார். கண்ட்ரோலும் அம்புக்குறியும் தட்டி ஒவ்வொரு சொல்லாகப் போனேன். கடைசியில் அந்த எந்திரக் குரல், ‘கெடுக்க’ என்றது. வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். “கொடுக்க வேண்டியவனைக் கெடுக்கவும் வைக்கிறதே ஒரு புள்ளி எழுத்து! திருத்து. திருத்திவிட்டு மறுபடி படிக்கச் சொல்” என்றார். எழுத்துக்கு முன்னே போய் நின்று டெலிட் விசையைத் தட்டினேன். ‘கெ’ முழுவதும் போயிற்று. ‘கொ’ என்று அடித்தேன். படிக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையசைத்தார். ஆறு மாதத்துக்கு முன் அதே விசையால் நான் எடுத்த வரிக்கும் இன்று மாற்றிய எழுத்துக்கும் இடையில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான்: திருத்தலாமா?

கடன் என்பது வாங்கிய தொகைதான் என்றும், நிபந்தனை ஏதுமின்றி மனம் விரும்பி அதற்கு மேல் கொடுப்பது தனி என்றும் ஆலிம் ஒருவர் விளக்கினார். பன்னிரண்டாயிரத்தைக் கடனாகவும், தம்மால் இயன்ற ஒரு தொகையை அன்பளிப்பாகவும் இரண்டு தனி உறைகளில் வாப்பா வைத்துக்கொண்டார். பெரியவாப்பாவின் வாரிசுகள் எல்லாரும் கூடியிருந்த ஒரு மாலையில் என் மகன் அவரைக் கைபிடித்து அழைத்துப் போனான், நானும் போனேன். அச்செடுத்த தாளைப் பெரியவாப்பாவின் மூத்த மகன் உரக்கப் படிக்கத் தொடங்கி, ‘அது உண்மை அல்ல’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டார். மீதியை மனத்துக்குள் படித்தார். பிறகு, “வாப்பா இதைப் பற்றி எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை சாச்சா” என்றார்.

அதைக் கேட்டபோதுதான் வாப்பா கண்கலங்கினார். தாம் பொய் சொன்னது அண்ணனுக்குத் தெரியும். தெரிந்தும் பிள்ளைகளிடம் தம்பியைக் குறைவாகச் சொல்லாமலே அவர் மண்ணுக்குள் போயிருக்கிறார். நான் யார் கையிலிருந்து வாப்பாவின் பெயரைக் காக்க நினைத்தேனோ, அவர் அதை எப்போதோ காத்துவிட்டிருந்தார்.

கொல்லைச் சுவர் விவகாரம் இன்னும் தீரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த நோன்புப் பெருநாளன்று அவர்கள் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வட்டலப்பம் வந்தது. பத்தொன்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

பார்வை குறைந்த பெரியவர்கள் உள்ள வீட்டாருக்கு ஒரு வார்த்தை. ‘நாங்கள் இருக்கிறோமே, சொன்னால் எழுதித் தர மாட்டோமா’ என்று நாம் அன்போடுதான் சொல்கிறோம். எழுதித் தரலாம், ஆனால் தாமே எழுதவும், எழுதியதைத் தாமே சரிபார்க்கவும் அவர்களுக்கு ஒரு வழி இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து விசைகள் போதும். பயிற்சி நிலையில் தொடங்குங்கள். ஒரு வாரம் எதையும் எழுதச் சொல்லாதீர்கள். முதலில் நடக்கட்டும், பிறகு தாவட்டும், அள்ளுவதும் அழிப்பதும் கடைசியில் வரட்டும். செய்த பிழையை மீட்கும் விசையை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். அச்சம் பாதி போய்விடும். பிறர் சொல்லை எழுதும் வேலையில் இருப்போருக்கும் ஒரு வார்த்தை. நம் விரலுக்கடியில் இருப்பது மற்றவரின் அமானிதம். அதைத் தொடுமுன் கேட்பதற்கு எந்தக் குறுக்குவழியும் இல்லை.

வாப்பா இன்றும் ஃபஜ்ருக்குப் பின் முன்கூடத்தில் அமர்ந்து எழுதுகிறார். அடுப்படியில் தேநீர் கொதிக்கும்போது விசைகளின் ஓசை கேட்கும். இடையிடையே அந்தக் கரகரத்த குரலும் கேட்கும். பதினோரு வரிகள் இப்போது எத்தனை ஆகியிருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அவர் அழைத்துத் திருத்தச் சொன்னால் போவேன். அழைக்காதவரை அந்தக் கோப்பை நான் திறப்பதில்லை. எல்லாருடைய கடன்களும் உயிர் பிரியுமுன் தீர அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.